மைசூர் மாலில் குடும்பத்துடன் ஒரு நாள்: துண்டு போடுதலை முன்வைத்து ஓர் ஆய்வு

1.0 முன்னுரை

எந்த ஆய்வையும் மனித குலத்தின் தோற்றத்திலிருந்து தொடங்குவது நம் பல்கலைக்கழக மரபு. மனிதன் முதலில் குகையில் வாழ்ந்தான். பின்னர் ஆற்றங்கரைக்கு வந்தான். பின்னர் மாலுக்கு வந்தான். இடைப்பட்ட காலத்தைப் பற்றி எழுதிப் பலர் ஏற்கெனவே முனைவர் பட்டம் வாங்கிவிட்டதால், இக்கட்டுரை நேராக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு வருகிறது.

1.1 ஆய்வின் தேவை

இத்தலைப்பில் இதுவரை எவரும் ஆய்வு செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

1.2 சொற்பிறப்பு

‘மால்’ என்னும் சொல்லின் வேரைத் தேடிப் புறப்பட்டவர் எவரும் சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு திரும்பியதில்லை. விட்டுவிடுகிறேன்.

1.3 ஆய்வுக் களம்

களம் மைசூர். அரசுப் பதிவேட்டில் 2014 நவம்பர் 1 முதல் மைசூரு. கோபிசெட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம் வந்து, திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறி, சாம்ராஜ்நகர் வழியாக வந்து சேரும் என் உறவினர்களுக்கு அது இன்றும் மைசூர்தான்.

பார்க்க வேண்டியதையெல்லாம் இவ்வூரில் முன்னோர் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1897-இல் பழைய மர அரண்மனை எரிந்து போனதும் ஹென்றி இர்வின் என்னும் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞரை வைத்து 1912-க்குள் புதிய அரண்மனையை எழுப்பிவிட்டார்கள். மிருகக்காட்சி சாலை 1892-இலிருந்து இருக்கிறது. சாமுண்டி மலைக்கு ஆயிரம் படிகள். வழியில் மூச்சு வாங்க உட்காருவதற்கென்றே அமைந்தது போல 17-ஆம் நூற்றாண்டின் ஒற்றைக் கல் நந்தி. இத்தனையும் இருக்க, வண்டியிலிருந்து இறங்கிய குழந்தைகள் கேட்டது: “மாலுக்கு எப்பப் போறோம்?”

மாலுக்கும் பஞ்சமில்லை. எம்.ஜி. சாலையில் மால் ஆஃப் மைசூர், நஜர்பாத்தில், முன்பு ஃபோரம் என்று அழைக்கப்பட்ட நெக்சஸ் சென்டர் சிட்டி, ஜெயலட்சுமிபுரத்தில் பி.எம். ஹாபிடட். இவற்றுள் முதலாவதும் மிருகக்காட்சி சாலையும் ஒரே இட்டிகேகூடு பகுதியில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மிருகங்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

களப்பணி இம்மூன்றில் எதில் நடந்தது, அல்லது மூன்றிலுமே நடக்கவில்லையா என்பதைச் சொல்வதற்கில்லை. தகவலாளியின் அடையாளத்தை மறைப்பது ஆய்வு அறம் என்பார்கள். வக்கீல் கட்டணம் என்றும் ஒன்று இருக்கிறது.

தமிழாய்வுக்கு மைசூரைக் களமாகக் கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகையிலிருந்து மைசூருக்குக் குடிபெயர்ந்தபோது, தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே வந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றும்படி உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. அதுவரை, சோழன் தஞ்சாவூரில் வெட்டியதைப் படிக்கத் தமிழறிஞர் மைசூருக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. மேடையில் இதைப் பெருங்குறையாகச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் இதைக் குறையென்று சொன்னவர் உண்டா என்பது ஐயமே. இந்த ஊரில் 1912 முதல் அரசுப் பட்டு நெசவாலை நடக்கிறது. மைப்படி பார்க்க வந்து புடவை வாங்காமல் திரும்பிய அறிஞர்களைப் பற்றிய பட்டியல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

1.4 ஆய்வு முன்னோடிகள்

எல்லாம் ஒரே இடத்தில், குடும்பத்தோடு, காசு கரைய என்னும் கொள்கை மைசூருக்குப் புதிதன்று. தசராப் பொருட்காட்சி 1880-இலேயே தொடங்கிவிட்டது. கூரை போட்டு, கதவடைத்து, குளிரூட்டி, உள்ளே கடை வைத்த முதல் பெரிய மால் 1956-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எடினா என்னும் ஊரில் திறக்கப்பட்டது. வரைந்தவர் வியன்னாவிலிருந்து போன விக்டர் குரூயன். ஒரு பொருளை வாங்க உள்ளே போனவர், வெளிச்சத்திலும் அலங்காரத்திலும் வந்த காரியத்தை மறந்து சுற்றத் தொடங்கும் கணத்துக்கு இன்றும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் மனிதர் வெறுத்துப்போய், இந்த மால்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவிவிட்டார்.

குரூயன் கோட்பாடு கொங்கு நாட்டுக் குடும்பத்துக்குப் பொருந்தாது என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. வந்த காரியத்தை மறக்க வேண்டுமென்றால் ஏதாவது காரியமாக வந்திருக்க வேண்டும்.

2.0 திட்டமிடல்

1905-இல் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றை மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார். அங்கிருந்த ஆர். சாமசாஸ்திரி பிரித்துப் பார்த்தால், பல நூற்றாண்டுகளாகக் காணாமல் போயிருந்த அர்த்தசாஸ்திரம். 1909-இல் அச்சிட்டார், உலகப் புகழ் பெற்றார். சுவடியைச் சுமந்து வந்தவர் வரலாற்றில் ‘ஒரு பண்டிதர்’ என்ற அளவில் நின்றுவிட்டார். ஆய்வு மாணவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

மந்திராலோசனை எப்படி நடக்க வேண்டும் என்பதைக் கௌடிலியர் அந்நூலின் முதற்பகுதியிலேயே சொல்லிவிடுகிறார். ஒருவரோடு மட்டும் கலந்தால் முடிவு கிட்டாது. பலரோடு கலந்தால் இரகசியம் தங்காது. மூன்று நான்கு பேர் போதும். இடமும் மறைவாக இருக்க வேண்டும். கிளியும் மைனாவும் நாயும்கூட ஆலோசனையை வெளியே விட்டிருக்கின்றனவாம்.

‘கோபி டூ மைசூர்’ பயணத்தில் பதினொரு பேர்; அதே பெயரிலான வாட்ஸப் குழுவில் குழந்தைகள் தவிர அத்தனை பேரும். கௌடிலியரின் வரம்பு முதல் நாளே மீறப்பட்டது. முதலில் மிருகக்காட்சி சாலை, நேரமிருந்தால் மால், அதுவரை குழந்தைகளுக்குத் தெரியக் கூடாது என்பதே பெரியவர்கள் இரவு பதினொரு மணிக்கு எடுத்த இரகசிய முடிவு (சித்தி, குரல் பதிவு, பின்னணியில் குக்கர், மூன்றாவது விசிலுக்குப் பிந்தைய பகுதி தெளிவில்லை). மறுநாள் காலை மூன்றாம் வகுப்புப் படிக்கும் கடைக்குட்டி, பல் துலக்கிக்கொண்டே, “யானைய டிவில பாத்துக்கலாம்” என்றான். கிளி, மைனா வரிசையில் கைப்பேசிக்குப் பூட்டுப் போடாத சித்தப்பாவையும் கௌடிலியர் சேர்த்திருக்கலாம்.

யானை நீக்கப்பட்ட திட்டத்தின் மூலப்பிரதி பெரியப்பாவின் கையெழுத்தில், நாள்காட்டித் தாளின் பின்புறம், பச்சை மையில் கிடைத்துள்ளது. பத்தரைக்கு மால். பதினொன்றுக்கு விளையாட்டு. ஒன்றுக்குச் சாப்பாடு. இரண்டுக்குப் படம். ஐந்தரைக்குக் காபி. ஏழு மணிக்கு அரண்மனை விளக்கு. ஞாயிறு மாலைகளில் அரண்மனைக்குச் சுமார் 97,000 பல்புகளை ஏற்றி, முக்கால் மணி நேரத்தில் அணைத்துவிடுவார்கள் என்பதால் கடைசி உருப்படிக்கு மட்டும் அடிக்கோடு. இவ்வளவு நுணுக்கமான ஆவணத்தில் குளியல் என்ற சொல்லே இல்லை. பதினொரு பேர், ஒரு கீசர். இப்பிரதி வடிக்கப்பட்டபோது ஆசிரியர் குளித்துவிட்டிருந்தார் என்பது அகச்சான்றால் பெறப்படுகிறது.

மாலின் வாசலைத் தொட்டது பன்னிரண்டே முக்கால்.

3.0 ஈர்ப்பிடங்கள்

3.1 துணிக்கடை

விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, துணியின் தரத்தில் குறை காணுதல்.

3.2 திரையரங்கு

இடைவேளையில் பாப்கார்ன் விலையைக் கேட்ட பெரியப்பா இரண்டாம் பாதியைப் பார்க்கவில்லை. இருட்டில் அந்த விலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

3.3 நகரும் படி

1896-இல் ஜெஸ்ஸி ரெனோ என்பவர் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் முதன்முதலில் நகரும் ஏற்றம் ஒன்றை வைத்தபோது, அது மாடிக்குப் போகும் வழியாக வைக்கப்படவில்லை. ராட்டினம் போல வேடிக்கைச் சவாரியாகத்தான் வைத்தார். எனவே எஸ்கலேட்டரின் அடியில் எங்கள் அமுச்சி செருப்பைக் கழற்றியது வரலாற்றறிவு உள்ள செயல். என் தாயைப் பெற்ற தாய். முந்தின நாள்தான் சாமுண்டி மலையின் ஆயிரம் படிகளை, நந்திக்கு ஒரு கும்பிடு போட்ட நேரம் தவிர எங்கும் நிற்காமல் ஏறியவர்.

செருப்பு இடது கையில். சேலைக் கொசுவம் வலது கையில் அரையடி உயர்ந்தது. ஒரு கால் முன்னே போயிற்று, திரும்ப வந்தது. அடுத்த படிக்காக மறுபடி போயிற்று, அதுவும் வந்துவிட்டது.

“ஏங்கண்ணு, இது எப்ப நிக்கும்?”

“நிக்காதுங்க அமுச்சி. அப்படியே கால வைக்கோணும்.”

“நிக்காத வண்டில எவனாவது ஏறுவானா சாமி?”

பின்னால் ஒரு கல்லூரிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாதுகாவலர் ஓடி வந்து லிப்டைக் காட்டினார். லிப்டின் முன்னால் மூன்று தள்ளுவண்டிக் குழந்தைகளும் அவற்றின் பரிவாரமும் நின்றன. ஆயிரம் படிகளைத் தானாக ஏறியவரை, தானாக ஏறி வரும் இருபது படிகள் முக்கால் மணி நேரம் தரைத்தளத்தில் நிறுத்திவிட்டன. இம்முரணை விளக்கக் கோட்பாடு எதுவும் இல்லை. பிரெஞ்சுக்காரர் யாராவது சொல்லியிருந்தால் நம்மவர் இந்நேரம் மொழிபெயர்த்திருப்பார்கள். அதுவும் படிப்பவருக்குப் புரியாத தமிழில்.

3.4 விளையாட்டுக் கூடம்

முதலில் ஓர் அட்டை வாங்க வேண்டும். அட்டைக்குப் பணம்; அட்டையில் ஏற்றப் பணம்; இவ்வளவு ஏற்றினால் அவ்வளவு போனஸ். போனஸ் தொகை எந்த ஆட்டத்துக்குச் செல்லாது என்பது, குழந்தை அந்த ஆட்டத்தின் குதிரைமேல் ஏறி உட்கார்ந்த பிறகு தெரியவரும். அட்டையில் கடைசியில் ஒரு மீதி நிற்கும். அங்குள்ள மிக மலிவான ஆட்டத்தின் விலையைவிட அது சற்றே குறைவாக இருக்கும். அந்தச் சற்றை நிரப்பப் பணம் ஏற்றினால் மறுபடி ஒரு மீதி. கணிதத் துறையில் இதைத் தொடர் என்பார்கள். எங்கள் சித்தப்பா வேறொரு சொல் சொன்னார், ஆய்வேட்டில் எழுதுவதற்கில்லை.

ஆட்டத்தில் வென்றால் எந்திரம் காகிதச் சீட்டுகளை நாக்கு நீட்டுவது போல நீளமாகத் துப்பும். அந்த நீளத்தைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு பரிசுக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் வந்து நின்றான் கடைக்குட்டி. பெட்டியில் மேல் தட்டில் ரிமோட் கார், நடுத்தட்டில் பொம்மைக் கரடி. அவனுக்குக் கிடைத்தது கீழ்த்தட்டிலிருந்து ஓர் அழிப்பான் (முதன்மைச் சான்று, பச்சை நிறம், ஒரு மூலை கடிக்கப்பட்டுள்ளது, ஆய்வாளர் வசம்).

4.0 துண்டு போடுதல்

இனி ஆய்வின் மையப்பகுதி. இதுவரை எழுதியதெல்லாம் பக்க எண்ணிக்கைக்காக.

ஞாயிறு மதியம் மாலின் உணவுக்கூடத்தில் மேசை பிடிப்பதே குடும்பச் சுற்றுலாவின் உயிர்நிலை. மற்ற இன்பங்கள் காசுக்குக் கிடைக்கும், மேசை கிடைக்காது. அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் பகுதியில் வணிகத்துக்கு, சுங்கத்துக்கு, எடைக்கு, மதுவுக்கு, யானைக்கு என்று தனித்தனி அத்தியட்சர்கள் நியமிக்கப்படுகிறார்கள். மேசைக்கு அத்தியட்சர் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே துண்டு வந்தது.

4.1 தோற்றமும் வளர்ச்சியும்

துண்டின் தாயகம் பேருந்து நிலையம். வண்டி உள்ளே திரும்பும்போதே, அது நிற்கும் முன்பே, சன்னல் வழியாகத் துண்டை எறிந்துவிட்டால் அவ்விருக்கை எறிந்தவனுக்குரியது. மோட்டார் வாகனச் சட்டம், 1988 இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்த நிலத்துக்குக்கூட வழக்கு வரும் நாட்டில், துண்டு கிடந்த சீட்டுக்கு வழக்கு வந்ததாகப் பெரியப்பா கேள்விப்பட்டதே இல்லை (வாய்மொழி, திம்பம், ஒன்பதாவது வளைவு). சித்தப்பா கேள்விப்பட்டிருக்கிறார் (மேலது, பத்தாவது வளைவு). பதினோராவது வளைவில் இருவருக்கும் உடல்நிலை சரியில்லாததால் விவாதம் ஒத்திவைக்கப்பட்டது.

4.2 பொருள்களும் அவற்றின் வலிமையும்

தண்ணீர் பாட்டில் வலுவற்றது. யாரோ விட்டுச் சென்றது என்று எடுத்துக் கீழே வைத்துவிடுவார்கள். கைக்குட்டை காற்றுக்கு ஆகாது. கைப்பை நடுத்தரம். சாவிக்கொத்து மிக வலியது. ஆனால் அதை வைத்தவனே பயந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவதால் வைத்ததன் பயன் இல்லை. குழந்தையை உட்கார வைக்கலாம், நகரும். முதியவரை உட்கார வைக்கலாம்; நகர மாட்டார், ஆனால் வருகிறவர்களிடம் ஊர், உறவு விசாரித்து, “நீங்களும் உக்காருங்க சாமி” என்று சொல்லிவிடுவார். இவ்வகையில் எங்கள் குடும்பம் இழந்த நாற்காலிகள் நான்கு.

துண்டுக்கு இக்குறைகள் எதுவும் இல்லை. அது பேசாது.

4.2.1 துண்டின் நிறம்

வெள்ளை உத்தமம். கட்சிக் கரை போட்டது கர்நாடகத்தில் செல்லாது.

4.3 இலக்கண நிலை

காவலுக்கு நிற்பவர் ஒருவர். மேசையில் ஆறு நாற்காலி. மற்ற பத்துப் பேரும் தரைத்தளத்தில் லிப்டுக்கு நிற்கிறார்கள். தட்டோடு வரும் அந்நியர், “யாராவது வராங்களா?” என்று கேட்கிறார். காவலர், “எல்லாரும் வந்துட்டாங்க” என்கிறார்.

இதைப் பொய் என்பார் இலக்கணம் அறியாதார். நம் இலக்கணங்கள் இதற்கு இடம் வைத்திருக்கின்றன. விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாக மயங்கலாம், உண்ணத் தொடங்காதவனே ‘உண்டுவிட்டேன், வந்துவிட்டேன்’ என்று அவசரத்தில் சொல்லலாம், குற்றமில்லை. காலவழுவமைதி என்று அதற்குப் பெயர். தொல்காப்பியமும் சொல்கிறது, நன்னூலும் சொல்கிறது. மதியம் ஒன்றரை மணிக்கு உணவுக்கூடத்தில் விரைவும் உண்டு, மிகுதியும் உண்டு. தெளிவு மட்டும் இல்லை. மூன்றில் இரண்டு தேர்ச்சிக்குப் போதும்.

நன்னூலைச் செய்த பவணந்தியாரின் ஊர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் என்பார் ஒரு சாரார். இல்லை, மைசூர்ச் சீமை என்பார் மறுசாரார். ஆதரித்த சீயகங்கனோ கங்கர் வழிவந்தவன். ஈரோட்டு மாவட்டத்திலிருந்து வந்த உறவினருக்கும் மைசூரில் குடியிருக்கும் எனக்கும் இதனால் மேசைக்கு முன்பே ஒரு பிணக்கு இருந்தது. அவர்களில் யாரும் நன்னூலைப் பிரித்துப் பார்த்ததில்லை என்பதும், ஊர்ச் சண்டை போடும் அறிஞர்கள் எல்லாரும் பிரித்துப் பார்த்தவர்கள்தாமா என்பதும் இங்குத் தேவையற்றவை.

4.4 உரை வேறுபாடுகள்

மேசை பிடிக்கும் முறை குறித்து மூன்று உரைகள் வழங்குகின்றன.

பெரியப்பா உரை: முதலில் இடம், பிறகு உணவு. இடமில்லாதவன் கையில் இருக்கும் தோசை தோசையன்று, சுமை (பெரியப்பா, உணவுக்கூடம், தூண் அருகே, வலது கையை உயர்த்திச் சொன்னது).

சித்தப்பா மறுப்புரை: முதலில் உணவு. டோக்கன் எண் வருவதற்குள் இடம் தானாகக் காலியாகும். தட்டோடு நிற்பவனைக் கண்டால் உட்கார்ந்திருப்பவனுக்கு மனம் இளகும் (சித்தப்பா, மேற்படித் தூண், எதிர்ப்புறம், இக்கூற்றின்போது அவர் தட்டிலிருந்த பூரி ஆறிக்கொண்டிருந்தது, அதனால் இது தன்மறுப்பாகவும் கொள்ளப்படும்).

அத்தை உரையே சிறப்புரை. காலி மேசையைத் தேடுவது வீண். காலியாகப் போகும் மேசையைத் தேட வேண்டும். அதற்குச் சாப்பிடுபவரின் முதுகுக்குப் பின்னால், கைப்பை அவர் தோளில் படுமளவு நெருங்கி நிற்க வேண்டும். பார்வை அவர் தட்டின் மேல். சாம்பார்க் கிண்ணம் கவிழ்ந்து விட்டதா? தயிர்சாதத்துக்கு வந்துவிட்டாரா? கையைத் துடைத்த காகிதத்தைச் சுருட்டித் தட்டில் போட்டாரா, மடியில் வைத்தாரா? தட்டில் போட்டால் எழுவார். மடியில் வைத்தால் ஐஸ்கிரீம் வாங்க ஆள் போயிருக்கிறது. நகரப் பேருந்தில் அடுத்த நிறுத்தத்தில் யார் இறங்குவார் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லும் ஆற்றலின் நீட்சி இது (அத்தை, கோபி–ஈரோடு வழித்தட அனுபவம், தன் மகளுக்கு உபதேசித்தது, மகள் அதைத் தோழிக்குச் சொன்னது, தோழியின் கணவர் மறந்துபோன குடையை வாங்க வந்த இடத்தில் என்னிடம் சொன்னது, குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது).

மூன்று உரைகளையும் ஒப்பிட்டு ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்தலாம். மலேசியாவிலிருந்து ஒருவர் இணையத்தில் தோன்றி, “என் குரல் கேட்கிறதா?” என்று கேட்டுவிட்டு மறைந்தால் பன்னாடு ஆகிவிடும்.

4.5 மேசையின் தொல்லியல்

பிடித்த மேசை துடைக்கப்படாதது. துடைப்பவர் வரும்வரை கிடைத்த நேரத்தில் மேற்பரப்பு ஆராயப்பட்டது. மூன்று அடுக்குகள் தென்பட்டன. மேலே உருகிய வெண்ணிலா. நடுவே தக்காளிச் சாறு. இதில் வடமேற்கு மூலையில் ஒரு குழந்தையின் விரல்பதிவு. கீழே தேங்காய்ச் சட்னி, நன்கு உலர்ந்த நிலையில். ஈரக் காகிதத்தை ஒற்றி எடுத்ததில் தெளிவான சாம்பார்ப்படி ஒன்று கிடைத்தது, வட்ட வடிவம், கிண்ணத்தின் அடிப்பகுதியாகலாம். மைப்படிகள் இருந்த ஊரில் சாம்பார்ப்படிக்கும் ஓர் அலமாரி கிடைக்கும் என்று நம்புகிறேன்.

கீழடுக்கின் காலத்தை நான் கணித்து வைத்திருக்கிறேன். வெளியிட்டால், இவ்வளவு பழமை கூடாது, திருத்தி எழுதிக்கொண்டு வா என்று தில்லியிலிருந்து கடிதம் வரும் காலம் இது. ஆகவே ‘அண்மைக்காலம்’ என்று குறித்துக்கொள்கிறேன்.

4.6 துண்டுக் கோட்பாட்டின் வீழ்ச்சி

மேற்கண்ட தரவுகளெல்லாம் துண்டு தோற்காது என்பதையே காட்டின. தோற்றது. எப்படி என்பதை விரிவாகப் பதிவு செய்வது ஆய்வாளன் கடமை.

பெரியப்பா தனியாகக் காவல் இருந்தார். நான்கு நாற்காலிகளை இழந்தது போக மிஞ்சிய இரண்டில் ஒன்றில் அவர்; மற்றொன்றில் நாற்காலியின் முதுகு மறையும்படி விரித்த வெள்ளைத் துண்டு. நடுத்தர வயது மைசூர்க்காரர் ஒருவர், மனைவி, மகளுடன் தட்டு ஏந்தி வந்தார். துண்டைப் பார்த்தார். சிரித்தார். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்” என்றார். துண்டை எடுத்தார், கீழே போடவில்லை, நகர்த்தவில்லை. கோயிலில் பரிவட்டம் மடிப்பது போல நான்காக மடித்துப் பெரியப்பாவின் மடியில் வைத்தார். பின் மூவரும் பக்கத்து மேசையிலிருந்து இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் துண்டை எடுத்தால் சண்டை. சண்டைக்குப் பெரியப்பாவிடம் வாசகங்கள் தயாராக இருந்தன. மரியாதையாக மடித்துக் கொடுத்தவனை என்ன சொல்லித் திட்டுவது? காவிரித் தண்ணீருக்கு இரு மாநிலமும் தீர்ப்பாயம் வரை போயின. 1990-இல் அமைத்த தீர்ப்பாயம் இறுதித் தீர்ப்புச் சொல்ல 2007 ஆயிற்று. மேசை வழக்கு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அடுத்து நிகழ்ந்ததே ஆய்வுலகம் கவனிக்க வேண்டியது. எதிரே இருந்தவர் பேச்சுக் கொடுத்தார்.

“யாவ ஊரு சார்?”

பெரியப்பாவுக்கு அந்த அளவு கன்னடம் புரியும். முறைப்பு மாறாமல், “கோபி” என்றார்.

அவர் முகம் மலர்ந்தது. தம் முன்னாலிருந்த கோபி மஞ்சூரியன் தட்டைப் பெரியப்பா பக்கம் தள்ளிவிட்டார்.

பெரியப்பா மறுத்தார், ஊரைத்தான் சொன்னேன் என்று விளக்கினார். விளக்கம் தமிழில் இருந்ததால், மனிதர் கூச்சப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர் மகள் ஒரு குச்சியையும் எடுத்துக் கொடுத்தாள். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கைச் சாயம் சேர்ப்பதைத் தடை செய்தபின் அப்பண்டம் பழைய செக்கச் சிவப்பை இழந்து, கருணைக்கிழங்கு வறுவலின் நிறத்துக்கு வந்திருந்தது. ஒன்று எடுத்தார். நாங்கள் லிப்டு ஏறி, டோக்கன் வாங்கி, தட்டுகளோடு வந்து சேர்ந்தபோது தட்டு காலியாகியிருந்தது. பெரியப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் நாற்காலியில் அவர்கள் வீட்டுப் பாட்டி உட்கார்ந்திருந்தார். பாட்டி எப்போது வந்தார் என்பதற்குச் சான்றில்லை.

“அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்” என்றார் பெரியப்பா.

இச்சொற்றொடரைக் கொண்டு, அவர் தம் கோட்பாட்டைக் கைவிட்டுவிட்டார் என்று சித்தப்பா வாதிடுகிறார். நிற்பதற்கு இடம் பிடித்ததும் இடம் பிடித்தலே என்று பெரியப்பா உரை எழுதியிருக்கிறார் (திரும்பும் வழி, நஞ்சன்கூடு தாண்டி, வளைவுகள் இல்லாத சாலையாதலால் முழுமையாகக் கிடைத்துள்ளது, ஒலிப்பதிவு ஒன்றரை மணி நேரம், அதில் நாற்பது நிமிடம் குறட்டை, யாருடையது என்பது ஆய்வுக்குரியது).

5.0 மேலாய்வுக்குரிய களங்கள்

வண்டி நிறுத்தும் சீட்டு ஒவ்வொருவர் பையிலும் தேடப்பட்டு, கடைசியில் முதலில் தேடியவர் பையிலேயே கிடைப்பதன் உளவியல். ‘பி2’, ‘பி3’ என்னும் பாதாளத் தளங்களில் ஒரே நிறக் கார்களுக்கிடையே ஓட்டுநர் சாவிப் பொத்தானை அழுத்திக்கொண்டே நடப்பது. சீட்டும் காரும் கிடைத்து வெளியே வந்தபோது மணி எட்டு ஆகியிருந்ததால், அரண்மனை விளக்கு பற்றித் தரவு இல்லை. அடிக்கோடிட்ட உருப்படிகள் நிறைவேறும் விகிதம் பற்றித் தனி ஆய்வு தேவை.

இவற்றுக்கு நிதிநல்கை கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். இக்கட்டுரையை வெளியிட ஆய்விதழ் ஒன்றும் முன்வந்தது. கட்டணம் செலுத்தினால் இரண்டே நாளில் இரு வல்லுநர்கள் படித்து மதிப்பிட்டுவிடுவார்களாம். இன்னும் கொஞ்சம் செலுத்தினால் படிக்காமலே மதிப்பிடுவார்களாம். விளையாட்டுக் கூட அட்டையில் உள்ள மீதியை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.